பாய் பற்றவைத்தால்தான் ஜீப் நகரும்

ஏற்காட்டு ஸ்டாண்டில் மஞ்சக்குட்டை ஜீப் கிளம்பிவிட்டதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். "பாய் பத்த வெச்சுட்டாருங்களா?" என்றுதான் கேட்பார்கள். பற்றவைத்துவிட்டார் என்றால் ஓடிப்போய் இடம் பிடிக்க வேண்டும். இன்னும் இல்லை என்றால் சாவகாசமாக ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பாய் என்பது ஹனீபா பாய், அந்த ஜீப்பின் சொந்தக்காரர், டிரைவர். பற்றவைப்பது சிகரெட். மற்ற வண்டிகள் டீசலில் ஓடுகின்றன, ஹனீபா பாயின் வண்டி சிகரெட்டில் ஓடுகிறது என்று எங்கள் ஊரில் பாதிப்பேர் வேடிக்கையாகவும் மீதிப்பேர் நிஜமாகவும் சொல்வார்கள்.

நான் நந்தினி. பிறந்து வளர்ந்தது ஏற்காடு. தினமும் பஸ்ஸில் மலையிறங்கி, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இ.இ.ஜி. எடுக்கிறேன். மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைத் தலையில் ஒட்டவைத்த சின்ன வில்லைகள் வழியாகப் பிடித்து, கோடுகோடாகத் திரையில் காட்டுகிற வேலை. "மண்டைக்குள்ள கரண்டா? ஷாக் அடிக்காதுங்களா?" என்று கேட்காத ஆள் கிடையாது. எல்லார் மண்டையிலும் இருக்கிறது, ஒரு டார்ச் பல்பைக்கூட அது எரிக்காது, பேசாமல் உட்காருங்கள் என்று சொல்லிச் சொல்லி என் நாக்கே தேய்ந்துவிட்டது. எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஹனீபா பாயின் அப்பா சேலம் கோட்டைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, ஏரிக்கரையில் ஸ்வெட்டரும் கம்பளியும் விற்றவர். மகனைக் கடையில் உட்கார வைக்கப் பார்த்தார். மகனுக்கோ உட்கார்ந்தால் முள் குத்தும். மீசை அரும்பிய வயதிலேயே ஒரு காபி எஸ்டேட்டில் டிரைவராகச் சேர்ந்துவிட்டார். விடிவதற்கு முன்னால், முன்னே போகிறவன் முதுகு தெரியாத பனியில், வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முதல் சிகரெட்டை அங்கேதான், குளிருக்கு என்று, வாயில் வைத்தார். குளிர் வெயில் வந்தால் போய்விடும். சிகரெட் போகவில்லை.

பிறகு சொந்த ஜீப். ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைக்கும் வாழவந்திக்கும் ஆள் ஏற்றுவது. அவரைப் போல ஒரு டிரைவரை நான் பார்த்ததில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் வண்டி தொட்டில் மாதிரி போகும். மலைக்காரர்களுக்கு டவுனிலிருந்து மாத்திரை வாங்கி வந்து வாசலில் நிறுத்திக் கொடுப்பார். வளைவில் நின்று செல்ஃபி எடுக்கிற வெளியூர்ப் பிள்ளைகளைத் திட்டுகிற திட்டில் மட்டும் காது கூசும். திட்டிவிட்டு அவரே இறங்கி, நல்ல இடமாகப் பார்த்து நிற்கவைத்துப் படமும் எடுத்துக் கொடுப்பார்.

ஒவ்வொரு நடைக்கும் முன்னால் ஒரு சிகரெட். போய்ச் சேர்ந்ததும் ஒன்று. திரும்பும் முன் இன்னொன்று. புகை உள்ளே போனால்தான் ரோடு கண்ணுக்குத் தெரிகிறது என்பார். அது உண்மை என்று பார்த்தவர்களுக்கே தெரியும். பற்றவைக்காத ஹனீபா பாய் தூங்கி வழிவார், கேட்டதையே திரும்பக் கேட்பார், எரிந்து விழுவார். நாலு இழுப்பு இழுத்ததும் ஆளே மாறிப்போவார். இதைப் பார்த்துப் பழகியதில் எங்கள் ஊரில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. அவசரமாகப் போக வேண்டியவர்கள் பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் வாங்கி அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். மஞ்சக்குட்டையிலிருந்து காய்கறி கொண்டுவந்து ஸ்டாண்டில் விற்கும் கண்ணம்மாள் இதில் கைதேர்ந்தவள். கூடை காலியானதும் நேரே வந்து, "ஏனுங்க பாய், இதப் புடிச்சுப்போட்டு வண்டிய எடுங்க, ஊட்ல மாடு கத்தும்" என்று நீட்டுவாள். அவரும் நெற்றியில் ஒரு விரலை வைத்து வணக்கம் சொல்லி வாங்கிக்கொள்வார்.

சில வருடங்களுக்கு முந்தைய ஒரு ரமலான் மாதம். ஹனீபா பாய் சிறு வயதிலிருந்தே ஒரு நோன்பு விட்டதில்லை; அந்த மாதம் தூங்கி வழிந்தாவது ஓட்டிவிடுவார். நோன்பு வைத்தால் தண்ணீரே கிடையாது, புகைக்கு எங்கே போக? அன்று பிற்பகல், வண்டி நிறைய ஆளோடு மஞ்சக்குட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வளைவு வந்தது. வண்டி வளையவில்லை. வேகமும் இல்லை, பிரேக்கும் போடவில்லை. மெதுவாக ரோட்டை விட்டு இறங்கி, மிளகுக்கொடி சுற்றிய ஒரு சில்வர் ஓக் மரத்தில் போய் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்சீட்டில் இருந்த கண்ணம்மாள்தான் அவர் முகத்தைப் பார்த்தவள். "கண்ணு தொறந்துதானுங்க இருந்துச்சு. ஊட்ல வெளக்கு எரியுது, உள்ள ஆளில்லீங்க. அப்புடி இருந்துச்சு" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

ஸ்டாண்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாரும் ஒரே தீர்ப்பு. பட்டினி. வெறும் வயிறு. தலை கிறுகிறுத்துவிட்டது.

"நோன்பு சாமி விசயந்தானுங்க, நாங்க குறுக்க பேசல. ஆனா எங்க உசுரும் உங்க கையிலதான இருக்குது பாய்" என்றார்கள்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் மனைவி ஷஹீதா அக்காதான் முடிவெடுத்தார். "நீங்க உசுரோட இருந்தாத்தான நானும் பிள்ளையும் இருப்போம். அல்லா மன்னிப்பான். இந்த வருசம் விடுங்க, பொறவு களா வெச்சுக்கலாம்." விட்டுப்போன நோன்பைப் பின்னால் ஒரு நாளில் வைத்து நிறைவேற்றுவதைத்தான் களா என்கிறார்கள். உயிருக்குப் பயம் இருந்தால் அப்படிச் செய்யலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வருடம் பல வருடமாகிவிட்டது. வண்டி ஓட்டாத நாள் அவருக்கு ஏது, களா வைக்க? ரமலான் வந்தால் ஊரே அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது. பசியோடு இருக்கிறாரா, பற்றவைத்தாரா என்று விசாரித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். ஷஹீதா அக்கா நோன்பு பிடித்துக்கொண்டே, அவர் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட்டைத் தன் கையால் வைத்து அனுப்புவார். மறந்து போய்விடப் போகிறாரே என்று பயம். ஹனீபா பாயோ, பள்ளிவாசலுக்கு முதுகைக் காட்டி, ஜீப்பின் மறைவில் நின்று, திருடன் மாதிரி புகை விடுவார். ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "பெருநாளைக்கு எல்லாரும் கட்டிப் புடிக்கறாங்க கண்ணு. எனக்கு மட்டும் கல்யாணத்துக்குக் கூப்புடாம சாப்புட வந்தவனாட்ட இருக்குது." அப்போது அவர் கண் கலங்கியிருந்தது.

இந்த வருட ரமலானில் ஒரு வெள்ளிக்கிழமை. சேலத்தில் கல்லூரியில் படிக்கும் மகள் சனா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளோடு சேர்ந்து ஒரே ஒரு நோன்பாவது பிடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. விடியுமுன்னே சஹருக்கு எழுந்து சாப்பிட்டு, யாரிடமும் சொல்லாமல் பிடித்துவிட்டார். ஜும்மா தொழுகை முடிந்து, மகளை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, உறவுக்காரர் வீட்டில் பேரீச்சம்பழம் கொடுக்க வாழவந்திக்குப் புறப்பட்டார். வழியில் மறுபடியும் அதே கதை. இந்த முறை மரம் இல்லை, பள்ளம். சனா "அத்தா!" என்று கத்திக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தாள். முன்சக்கரம் விளிம்பில் போய் நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாங்கள் ஆறுதல் சொன்னோம். சனா அதன் பிறகு ரெண்டு நாள் சோறு சாப்பிடவில்லை.

ஏற்காட்டு டாக்டர் இதைப் பட்டினி மயக்கம் என்று விடவில்லை. கண் திறந்திருக்க, நினைவு மட்டும் சில நொடி அறுந்து போகிற ஒரு வகை வலிப்பு உண்டு, இது அதுவாக இருக்கலாம் என்றார். அப்படி இருந்தால் இனி ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்றார். ஹனீபா பாய்க்கு வண்டி ஓட்டுவதைத் தவிர இந்த உலகத்தில் எதுவும் தெரியாது. இ.இ.ஜி. எடுக்கச் சொல்லி எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வர வேண்டும், டீ, காபி, சிகரெட் கூடாது, வயிறு காலியாக இருக்கக் கூடாது என்று முந்தின நாளே போன் போட்டு நானே சொன்னேன். அப்படியே வந்தார். ஷஹீதா அக்கா காலையில் இட்லி அவித்துத் தட்டு நிறைய வைத்து, பக்கத்தில் நின்று சாப்பிட வைத்திருக்கிறார். அக்கா மட்டும் நோன்பு. முக்காட்டுக்குள் அவர் உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

ஹனீபா பாயைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, முடியை விலக்கி விலக்கி, பசையைத் தடவி, வில்லைகளை ஒட்டினேன். "கண்ணு, நல்லதாப் போட்டு வுடு கண்ணு" என்றார். நான் என்னமோ சோறு போடுவது மாதிரி. கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விழித்துக்கொண்டு, கண்ணை மூடி, அமைதியாக இருக்கும் ஒருவரின் பின்மண்டையில் நொடிக்குச் சுமார் பத்து அலை எழும். தூக்கம் கண்ணைச் சொருகும்போது அது கலைந்து, மெதுவான, அகலமான அலைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வலிப்பு உள்ளவர்களிடம் பல சமயம் நடுநடுவே ஊசி முனைகள் குத்திட்டு நிற்கும். நான் முதலில் தேடியது அந்த ஊசியைத்தான். ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் மற்றதைக் கவனித்தேன்.

அலைகள் மந்தமாக வந்தன. பத்து இல்லை, எட்டைத் தொடவே திணறின. கொஞ்ச நேரத்தில் அதுவும் கலைந்து, தூக்கத்தின் அகல அலைகள் வந்துவிட்டன.

"பாய், தூங்காதீங்க."

"தூங்கலியே கண்ணு. முழிச்சுத்தான இருக்கேன்."

சரி, கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பேசினால் கோடு கலங்கும். ஆனாலும் எனக்கு ஏதோ தட்டியது. "ஸ்டாண்டுல இருந்து மஞ்சக்குட்டைக்கு வண்டி ஓட்டிட்டுப் போற மாதிரி, வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வாங்க பாய்" என்றேன்.

அவருக்குக் கேட்க வேண்டுமா! ஸ்டாண்டை விட்டு எடுத்தார். ஏரியைத் தாண்டினார். ஒரு எஸ்டேட் கேட், ஒரு மேடு, ஒரு குழாயடி, எதிரே பஸ் வந்தால் ஒதுங்குகிற இடம் எல்லாம் சொன்னார். "அங்கிருந்து ஒரு வளைவுங்க, லெப்டுல ஒரு..." என்றார். நின்றது. கண் திறந்திருக்கிறது. திரையில் அகல அலைகள் வரிசையாகப் போகின்றன. சில நொடி. பிறகு, "மாரியம்மன் கோயில் வந்துரும், அங்க ரெண்டு பேரு ஏறுவாங்க" என்று தொடர்ந்தார். நடுவில் ஒரு வளைவு முழுதும் காணாமல் போயிருந்தது. அது போனதே அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ மண்டையைப் பார்த்தவள் நான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு மனிதர், எனக்குத் தெரிந்த ஒரு ரோட்டில், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிப்போவதை அன்றுதான் பார்த்தேன். வில்லைகளைக் கழற்றிவிட்டு, "இங்கயே இருங்க" என்று சொல்லி டாக்டர் ஸ்டெஃபியைக் கூப்பிட ஓடினேன். நரம்பியல் டாக்டர். வயது குறைவு, நிதானம் அதிகம். எனக்கு நேர் எதிர்.

நாங்கள் திரும்பி வந்தபோது நாற்காலி காலி. ஷஹீதா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எட்டிப் பார்த்தால், ரோட்டுக்கு எதிர்ப்புறம் டீக்கடை ஓரமாக, தலையெல்லாம் வெள்ளைப் பசையோடு, சர்க்கஸ் கோமாளி மாதிரி நின்று புகை விட்டுக்கொண்டிருக்கிறார் மனுஷன். உள்ளே வந்ததும் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "முடியல கண்ணு, ஒண்ணே ஒண்ணு" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் ஸ்டெஃபி கோபப்படவில்லை. "போனது போகட்டும். நந்தினி, இப்பவே மறுபடி எடுங்க" என்றார்.

எடுத்தேன். அதே நாற்காலி, அதே தலை. அலைகள் துள்ளிக்கொண்டு வந்தன. நொடிக்குப் பத்து, சில சமயம் அதற்கும் மேலே. வழி சொல்லச் சொன்னேன். ஸ்டாண்டிலிருந்து மஞ்சக்குட்டை வரை ஒரு வளைவு தவறவில்லை. ஒரு சிகரெட்தான் நடுவில். வேறு எதுவும் இல்லை. இப்படி நடக்கும் என்று பாடப் புத்தகத்தில் படித்ததுதான், ஆனாலும் நம்ப முடியாமல் வில்லைகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று ரெண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

டாக்டர் ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலிப்பு இல்லை என்றார். ஹனீபா பாய் அதைவிட மற்றொன்றுக்குத்தான் சந்தோஷப்பட்டார். "பாத்தீங்களா! நான் சொன்னா யாரு கேக்கறீங்க? சிகரெட்டு உள்ள போனாத்தான் மூளையே ஓடுது. கண்ணு, இதை எனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடு, ஸ்டாண்டுல ஒட்டி வெக்கறேன்!"

உண்மையைச் சொன்னால், அந்தப் படங்களை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். டாக்டர் ஷஹீதா அக்கா பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?"

"அஸ்தஃபிருல்லா!" என்றார் அக்கா. அந்த இறுக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னைக்கு நோன்பா? ராத்திரி தூங்கினீங்களா?"

"நோன்புதானுங்க. எங்கீங்க தூங்கறது? இவருக்கு என்னாகுமோன்னு சஹருக்கு எந்திரிச்சவ அப்புடியே உக்காந்துட்டேன்."

"ஒரு பத்து நிமிஷம் அந்த நாற்காலியில உட்காருங்க."

அறைக் கதவைச் சாத்திவிட்டு, முக்காட்டை விலக்கி, அவருக்கும் வில்லைகளை ஒட்டினேன். விடியலுக்கு முன்னால் சாப்பிட்டவர். தண்ணீர்கூடக் குடிக்காதவர். தூக்கம் கெட்டவர். திரையில் அலைகள் வந்தன. நொடிக்குப் பத்து. சீராக, தெளிவாக, சற்றுமுன் சிகரெட் பிடித்துவிட்டு வந்த அவர் புருஷனுடையதைப் போலவே.

ஹனீபா பாய் திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது.

"ஒருத்தர் படத்தை வெச்சு இன்னொருத்தரை அளக்கக் கூடாது அண்ணா, ஆளுக்கு ஆள் வேறுபடும்" என்றார் டாக்டர். "ஆனா இதை ரொம்ப காலமா நிறைய பேர்கிட்ட ஆராய்ஞ்சு பார்த்திருக்காங்க. புகையை இழுத்த சில நொடியில நிகோடின் மூளைக்குப் போயிடும். அலையை வேகமாக்கும். தினமும் அதையே குடுத்துக்கிட்டிருந்தா மூளை அதுக்குப் பழகிடும். அப்புறம் அது கிடைக்கலைன்னா அலை மந்தமாயிடும், தூக்கம் தள்ளும். மறுபடி ஒண்ணு பத்த வெச்சா, அக்கா எதுவுமே இல்லாம இருக்காங்களே, அந்த இடத்துக்கு நீங்க வந்து சேருவீங்க. அவ்வளவுதான். சஹருக்கு எழுந்து தூக்கமும் குறைஞ்சு, சிகரெட்டும் நின்னுபோனதால ரோட்டுல ஒரு சில நொடி தூங்கியிருக்கீங்க."

"அப்ப நோன்பால இல்லீங்களா?" என்று கேட்டது ஷஹீதா அக்கா. தலையில் வயர்கள் தொங்க, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பட்டினி எல்லாருக்கும் ஒத்துக்காதுக்கா, சர்க்கரை இருந்தா வேற விஷயம். இவருக்கு சர்க்கரை இல்லை. இன்னைக்கு வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுட்டு வந்துதானே அந்த முதல் படம்?"

டாக்டர் சொன்னது அக்காவுக்குள் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு பளார் பளாரென்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். நான் கையைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. "நோன்ப விடச் சொன்னவளும் நான்தானுங்களே! அந்தக் கருமத்தப் பையில வெச்சு அனுப்புனவளும் நான்தானுங்களே! பிள்ளையப் பள்ளத்துக்குள்ள தள்ளப் பாத்ததே நான்தானுங்களே!"

அக்கா மட்டுமா? கண்ணம்மாளும் ரைட்டரும் டீக்கடைக்காரரும், அந்த ஜீப்பில் ஏறிய அத்தனை பேரும்தான். உயிருக்குப் பயந்து, திருடன் கையிலேயே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

சிகரெட்டை அடியோடு விட வேண்டும், மறுபடியும் படம் எடுத்துப் பார்க்கும் வரை வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அலை பழைய நிலைக்கு வரச் சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு. ஹனீபா பாயின் ஜீப்புக்குத் தார்பாய் போர்த்தப்பட்டது. அதுவரை ஒரு நாள்கூட அப்படி நின்றதில்லை. அவர் பட்ட பாட்டை விவரித்தால் இரக்கமில்லாதவள் ஆகிவிடுவேன். டாக்டர் எழுதிக் கொடுத்த நிகோடின் சூயிங்கத்தை மென்று, அதையும் குறைத்து, கத்தி, அழுது, தட்டை வீசி, சனாவிடம் மன்னிப்புக் கேட்டு, பகலிலேயே தூங்கித் தூங்கி விழுந்து, ஒரு வழியாக மீண்டார். பெருநாள் போய், பக்ரீத்தும் வந்து போனது.

அதன் பிறகு எடுத்த படத்தை நான் மறக்க மாட்டேன். சிகரெட் இல்லை, சூயிங்கமும் இல்லை. அலைகள் ஷஹீதா அக்காவுடையதைப் போல வந்தன. மஞ்சக்குட்டை வழியை முழுதாகச் சொன்னார், ஒரு வளைவு பாக்கியில்லாமல். வண்டி எடுக்கலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, பசையைக்கூடத் துடைக்காமல் எழுந்து போனார்.

அடுத்த திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. மஞ்சக்குட்டையில் ஒரு சிநேகிதியைப் பார்க்க ஸ்டாண்டுக்குப் போனேன். தார்பாய் எடுத்து, கழுவித் துடைத்த ஜீப்பில் ஹனீபா பாய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். முன்சீட்டில் ஷஹீதா அக்கா. பின்னால் யாரும் இல்லை. ஆள் இல்லாமலா? கண்ணம்மாளும் இன்னும் பல பேரும் கூடையும் பையுமாக நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏன் நிக்கறீங்க, ஏறுங்க" என்றேன்.

"பாய் இன்னும் பத்த வெக்கலீங்க" என்றார் ஒருவர்.

அவர் விட்டுவிட்டார், டாக்டரே சொல்லிவிட்டார், படம் எடுத்ததே நான்தான் என்று கத்தினேன். கேட்டுக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர்கூட நகரவில்லை. கண்ணம்மாள் பெட்டிக்கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கிவந்து, ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"ஏனுங்க பாய், எங்களுக்காவ ஒண்ணே ஒண்ணு புடிங்க. உங்க பொழப்பும் நடக்கோணுமில்லீங்க? மனசு பொறுக்காமத்தானுங்க சொல்றேன்."

அவள் குரலில் இருந்தது அன்புதான். அதுதான் எனக்கு அதிர்ச்சி. ஹனீபா பாய் அந்தச் சிகரெட்டையே பார்த்தார். ஷஹீதா அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்க கண்ணம்மா. நான் இன்னைக்கு நோன்பு. விட்டதெல்லாம் களா வெக்கறேன்."

"அய்யய்யோ, நோன்பு வேறயா!" என்று கண்ணம்மாள் ஜீப்பைத் தொட்டிருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். கூட்டம் இன்னும் ரெண்டடி பின்னால் போனது.

நான் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. கைகாட்டி ஏறுகிறவர்கள் எல்லாம் அவர் விரலிடுக்கைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்கள். மிளகுக்கொடியும் காபிச் செடியும் தாண்டி, வளைவு வளைவாக, ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினார். பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றார். தலையை நிமிர்த்தவில்லை. "அந்தப் படத்தப் பாத்ததுல இருந்து இதேதான். ஒரு சிகரெட்ட அணைச்சு அடுத்தத பத்த வெக்கற வரைக்கும் என் மூள தூக்கத்துல எறங்கி எறங்கித்தான போயிருக்கும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக, பிள்ளத்தாச்சிக, எத்தன பேர ஏத்தியிருக்கேன். யாரு கண்ணு ஓட்டுனது அந்த வண்டிய?"

அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

ஷஹீதா அக்கா புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"இப்பத்தான முழிச்சிருக்கீங்க" என்றார். "ஓட்டுங்க."

அவர் கியரைப் போட்டார். மஞ்சக்குட்டை வரை நாங்கள் மூன்று பேர்தான் போனோம்.